ஆவுடைத்தாய் வீட்டு நாற்காலி

எங்கள் பள்ளியில் வாத்தியார் ஒரு பிள்ளையிடம் சொல்லும் வாக்கியம், சாயந்திரம் மணி அடித்ததும் அந்தப் பிள்ளையோடு கிளம்பி வீட்டுக்குப் போய்விடும்.

எல்லா வாக்கியமும் போவதில்லை. ‘நோட்டை எடு’, ‘ஜன்னலைச் சாத்து’ போன்றவை கேட் வரை போய்விட்டுத் திரும்பிவிடும். ‘பரவாயில்லையே, நல்லா போட்டிருக்க’ என்பது மாதிரியானவை வீடு வரை போகும். ஒரு செம்பு தண்ணீர் குடிக்கும். இரண்டு நாள் இருந்துவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அவற்றுக்கு ஒரு வீட்டில் தங்கத் தெரியாது. தங்குகிறவை வேறு வகை. அவை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, இடம் பார்த்து உட்கார்ந்துவிடும். மூன்று வேளையும் சாப்பிடும். பார்க்க எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வாக்கியம் வாக்கியம் மாதிரிதான் இருக்கும். இடுப்பு உயரம், சொன்னவரின் குரல். அந்தப் பிள்ளையின் காதில் மட்டும், தேவைப்படுகிறபோது தன்னையே ஒருமுறை சொல்லும். மற்றபடி தொந்தரவு கிடையாது.

இதற்கென்று ஒழுங்குமுறை இருக்கிறது. சொன்ன வாத்தியாரே நேரில் வந்து, பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, அதே வார்த்தைகளை அதே தொனியில் திரும்பச் சொன்னால் வாக்கியம் எழுந்து அவரோடு போய்விடும். ஒரு வார்த்தை மாறினாலும் அசையாது. திரும்பிய வாக்கியம் வாத்தியார் வீட்டில் மூன்று நாள் இருக்கும். கேட்க வேண்டிய பிள்ளை இல்லாததால் மெலிந்து மெலிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை இதற்காகவே ஒதுக்கியிருக்கிறோம். பெற்றோர் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வரலாம். வந்து கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

யாரும் வருவதில்லை. அரை நாள் வேலை போகும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாத்தியார் மேல் மரியாதை அதிகம்.

நான் ஞானதுரை, கணக்கு வாத்தியார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை மேல் கை வைத்ததில்லை. பிரம்பு என்று ஒன்று என் மேஜையில் இருந்ததே கிடையாது. இதை நான் பெருமையாகச் சொல்வேன், யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். வாயால் இரண்டு வார்த்தை சொல்வதோடு சரி. அதுகூடச் சொல்லக் கூடாது என்றால் வாத்தியார் எதற்கு, சுவரில் ஒரு டி.வி. மாட்டிவிட்டுப் போகலாமே.

என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் என் வாத்தியார் என்னிடம் சொன்னது. ‘என்னடா எழுத்து இது, கோழி கிண்டின மாதிரி.’ அவர் காலமாகிவிட்டார், ஆகவே கூப்பிட ஆள் இல்லை. நாற்பத்து நான்கு வருஷமாக என்னோடு இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு ஃபிரிட்ஜுக்குப் பக்கத்து நாற்காலி அதற்கென்றே ஆகிவிட்டது. அதனால் எனக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. நான் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை, பேங்க் ஃபாரமெல்லாம் என் மனைவி கிரேஸ் நிரப்பிவிடுவாள், அவ்வளவுதான்.

மே மாதம் கடைசி வெள்ளிக்கிழமை எச்.எம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் எச்.எம். மங்கையர்க்கரசி அம்மா அதிகம் பேச மாட்டார். பேசினால் பின்னால் போகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை விண்ணப்பம். பெயர் மாரிச்செல்வி. கேட்கும் பிரிவு, கணக்கு. கீழே ‘வீட்டில் தங்கியுள்ள வாக்கியங்கள்’ என்ற இடத்தில் அவள் அம்மா எழுதியிருந்தாள்: ‘ஒன்று. கணக்கு சார் ஞானதுரை அவர்களுடையது. நலம்.’

“மார்க்கப் பாருங்க” என்றார் எச்.எம்.

கணக்கில் எண்பத்து நான்கு. நல்ல மார்க் என்றேன்.

“கடைசி ரெண்டு எட்டு மார்க் கேள்விய அந்தப் பிள்ள தொடவே இல்ல. எண்பத்து நாலு மார்க்குக்கு எழுதி எண்பத்து நாலும் வாங்கியிருக்கு. ரெண்டு வருஷமா நம்ம ஸ்கூல் பரிட்சையெல்லாமும் இப்படித்தான். நீங்கதான திருத்தினீங்க?”

நான்தான் திருத்தினேன். நேரம் பத்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

சேர்க்கை திங்கட்கிழமை பத்து மணிக்கு. சேர்க்கையன்று பிள்ளையோடு வீட்டில் இருக்கும் எல்லோரும் வர வேண்டும் என்பது விதி. வாக்கியமும் வரும். கிளார்க் பால்ராஜ் எதிரில் ஒரு நாற்காலி போட்டிருப்பார், அதில் வாக்கியம் உட்கார்ந்து தன்னைச் சொல்லும். வாத்தியார் சொன்னதைக் கிளார்க் மாற்ற முடியாது, அப்படியே எழுதிக்கொள்வார். போன வருஷம் ஒரு பையனோடு ஐந்து வந்தன. அவன் வாயைத் திறப்பதற்குள் ஐந்தும் சொல்லி முடித்துவிட்டன. அவன் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு.

“என்ன சொன்னீங்க அந்தப் பிள்ளைய?” என்றார் எச்.எம்.

யோசித்துப் பார்த்தேன். வருஷத்துக்கு இருநூறு பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஆறு பீரியடு. எதை என்று ஞாபகம் வைப்பது? “ஞாபகம் இல்ல மேடம். பெருசா எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்” என்றேன்.

“நாளைக்குப் போய்க் கூட்டிட்டு வந்துருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபாரத்தை எடுத்தார். இந்த வாக்கியம் என் பின்னாலேயே ஸ்டாஃப் ரூம் வரை வந்து, நான் மணி பர்ஸை எடுத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு மாரிச்செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா ஆவுடைத்தாய்க்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எச்.எம். போன் செய்திருந்ததால் லீவு போட்டுவிட்டு, வாசல் தெளித்துக் கோலம்கூடப் போட்டிருந்தாள். அப்பா லாரியில் கிளீனர். போனால் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவார் என்றாள்.

ஒரே அறை. அறையில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் வாக்கியம் உட்கார்ந்திருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கீழே, காற்று எட்டாத மூலையில், மாரிச்செல்வி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“வாங்க சார். உங்க வாக்கியம் நல்லா இருக்கு சார்” என்றாள் ஆவுடைத்தாய். “ஒரு கொறையும் வைக்கல. மொதத் தட்டு அதுக்குத்தான். சார் அனுப்பிச்சதாச்சே. காலைல எந்திரிச்சு அது மொகத்துலதான் முழிக்கிறது.”

நாற்காலியைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. வந்தபோது இடுப்பு உயரம் இருந்திருக்கும், இப்போது என் தோளுக்கு வரும்போல இருந்தது. கன்னமெல்லாம் சதை போட்டிருந்தது.

“பிள்ளையையும் இது நல்லா வளத்திருக்கு சார்” என்றாள் அவள். “ரெண்டு இட்லிக்கு மேல கேக்க மாட்டா. தீவாளிக்குப் பாவாட தாவணி எடுக்கப் போனா, மொதல்ல எடுத்துப் போட்டதே போதும்பா. எந்திரிச்சு வந்துருவா. பக்கத்து வீட்ல எல்லாம் கேக்குறாங்க, எப்படி இவ்வளவு அடக்கமா வளத்தீங்கன்னு.”

மாரிச்செல்வி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்புறம் ஏன் சார் கூட்டிட்டுப் போறீங்க? நாங்க எதும் தப்பு பண்ணிட்டமா?”

திங்கட்கிழமை விஷயத்தைச் சொன்னேன். இது வந்து நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டால் கணக்குப் பிரிவு கிடைக்காமல் போகலாம் என்றேன். ஆவுடைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அய்யோ, அப்ப கூட்டிட்டுப் போயிருங்க சார். அவளுக்கு அது ஒண்ணுதான் ஆச. பைபாஸ் போட்டாங்கல்ல, அப்ப ரோட்டுல மூணு கால் கட்டய நட்டு வச்சு ஒத்தக் கண்ணால பாத்து அளந்துட்டு இருந்தாங்க. அதுல ஒரு பொம்பளப் பிள்ள. அன்னையிலருந்து நானும் அளக்கப் போறேன், அளக்கப் போறேன்னு. இந்தத் தெருவயே ரெண்டு தடவ அளந்துட்டா. மூணாவது தடவ அளக்கப் போறப்ப இது வந்துருச்சு, விட்டுட்டா.”

சரி, வேலையைப் பார்ப்போம் என்று நாற்காலிக்கு எதிரில் போய் நின்றேன். மாரிச்செல்வியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். முப்பத்தொரு வருஷமாக நான் என்னென்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாதா? மொத்தம் பத்துப் பன்னிரண்டுதான் இருக்கும். அவற்றையே மாற்றி மாற்றிப் புழங்குவது. கூடுதலாக அடிபடுவதிலிருந்து ஆரம்பித்தேன்.

“உனக்கெல்லாம் கணக்கு வராது” என்றேன்.

நாற்காலியில் இருந்தது அசையவில்லை. ஆனால் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒரு புது வாக்கியம் வந்து நின்றது. வாத்தியார் சொல்லியிருக்கிறார், பிள்ளை கேட்டிருக்கிறது. வேறென்ன நடக்கும்? நான் இதை யோசித்திருக்க வேண்டும்.

“உள்ள வாங்க” என்று ஆவுடைத்தாய் அதைக் கூப்பிட்டாள். அது வந்து பீரோ ஓரமாக உட்கார்ந்தது.

“மண்டைக்குள்ள என்ன, களிமண்ணா?”

அதுவும் வாசலுக்கு வந்தது. ஆவுடைத்தாய் பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு நாற்காலி வாங்கிவந்தாள்.

“படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?” “பெஞ்சத் தேய்க்கவா வர்ற?” “மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” ஒவ்வொன்றையும் முடிந்தவரை வகுப்பில் சொல்கிற மாதிரியே சொன்னேன். ஒவ்வொன்றும் செருப்புப் பக்கத்தில் நின்றுவிட்டு உள்ளே வந்தது. கடைசியாக வந்ததற்கு உட்கார இடமில்லை. அம்மிக்கல் மேல் உட்கார்ந்துகொண்டது. புதிதாகச் சொன்ன வாக்கியங்கள் பசியோடு இருக்கும். ஆவுடைத்தாய் உப்புமா கிண்டப் போனாள். ரவை போதாது என்று மாரிச்செல்வியின் பங்கைக் கழித்துக்கொண்டு ஆறு தட்டு வைத்தாள். என் பழைய வாக்கியத்துக்கு வழக்கம்போல முதல் தட்டு.

ஒன்றைக் கூட்டிப்போக வந்தவன் ஐந்தைக் கொண்டுவந்து விட்டிருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. “ஏம்மா, நீயாவது சொல்லக் கூடாதா? உனக்குத்தான் தெரியுமே, என்ன சொன்னேன்னு. வாயத் திறந்து சொல்லேன்” என்றேன்.

இந்த வாக்கியம் வாசல் வரை வந்து, உள்ளே இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

“சொன்னா எனக்கே ஒட்டிக்கிரும் சார்” என்றாள் மாரிச்செல்வி.

அது எனக்குத் தெரியும். எல்லா வாத்தியாருக்கும் தெரியும், மறந்துபோய்விட்டேன். வாத்தியாருடைய வாக்கியத்தைப் பிள்ளை தன் வாயால் ஒரு முறை சொல்லிவிட்டால் அது பிள்ளையின் சொந்த வாக்கியமாகிவிடும். அப்புறம் அதைக் கூப்பிட யாராலும் முடியாது, எங்களாலும் முடியாது. நாற்காலியிலிருந்து எழுந்துவிடும், எங்கே போனதென்று தெரியாது, வீடு காலியாக இருக்கும், பிள்ளை மட்டும் அப்படியே இருக்கும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நடமாடுகிறார்கள்.

“எழுதிக் காட்டலாமே?”

“எழுதினாலும் அதான் சார். ரெண்டு வருஷமா சொல்லாமத்தான் இருக்கேன். தூக்கத்துல சொல்லிருவேனோன்னு வாயில துணிய வச்சுட்டுக்கூடப் படுத்திருக்கேன்.”

ஆவுடைத்தாய் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் படுக்கிறவளுக்கே இது தெரிந்திருக்கவில்லை.

மாரிச்செல்வி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, “சொல்லத்தான் கூடாது சார். செஞ்சு காட்டலாம்” என்றாள்.

ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அடுப்புக்கு எதிரே போட்டாள். அதில் என்னை உட்காரச் சொன்னாள். முன்னால் ஒரு டிரங்குப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். அதுதான் ஸ்டாஃப் ரூம் மேஜை. “இடது பக்கம் ஜன்னல்” என்று சொல்லிப் பின்கதவைத் திறந்து வைத்தாள். அதற்கு மேல் அவளிடம் ஒரு தயக்கமும் இல்லை. தன் பழைய நோட்டுகளை எடுத்து, அன்றைக்கு என் மேஜையில் இருந்த கணக்குக்கு, என் வலது கைப் பக்கம் இருபத்தேழு அடுக்கினாள். நோட்டு போதாத இடத்துக்குச் சமையல் எண்ணெய் அட்டைப்பெட்டியைக் கிழித்து நோட்டு அளவுக்கு வெட்டி வைத்தாள். சிவப்புப் பேனா கொடுத்தாள். அம்மாவைத் தெருமுனைக்கு அனுப்பிக் கொய்யாப்பழம் வாங்கிவரச் சொல்லி, நான்காக நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி, என் இடது கைப் பக்கம் வைத்தாள். தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், பார்த்தாள், மறுபடி ஒரு விரற்கடை கிட்டே நகர்த்தினாள்.

“திருத்துங்க சார்” என்றாள்.

திருத்த ஆரம்பித்தேன். அவளுடைய ஒன்பதாம் வகுப்பு நோட்டுதான். ஏற்கனவே நான் திருத்தியதுதான், ஆனாலும் கை அதன் பாட்டுக்குப் போயிற்று. திருத்துவதில் ஒரு வேகம் இருக்கிறது. முதல் வரியையும் விடையையும் பார்த்தால் போதும், நடுவில் பார்க்க வேண்டியதில்லை. ஒரு துண்டு கொய்யாவை வாயில் போட்டேன். நல்ல காரம். ஐந்தாவது நோட்டுக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோனது.

என் இடது பக்கம் யாரோ வந்து நின்றார்கள். ஒரு நோட்டு என் பார்வைக்குள் நீண்டது.

“சார், புஸ்தகத்துல கடேசிக் கணக்கப் போட்டுட்டேன் சார். இன்னும் கஷ்டமானது இருந்தாக் குடுங்க சார்.”

“உனக்கு இவ்வளவு போதும்மா, போ” என்றேன்.

நாற்காலி கிரீச்சிட்டது. ரெண்டு வருஷமாக அதில் உட்கார்ந்திருந்தது எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றது.

நான் பேனாவை மூடி வைத்தேன். இதைத்தான் சொல்லியிருக்கிறேன். திட்டவில்லை. கோபம் இல்லை. ‘அம்மா’ என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருப்பேன். மணி அடித்திருக்கும், கொய்யா தீர்ந்திருக்கும், நான் கை கழுவப் போயிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் பிரம்பு எடுக்காதவன் என்று நானே என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்து இன்னும் வெட்கமாக இருந்தது.

அதன் பிறகுதான் நோட்டைப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு முன் போட்ட அதே கணக்கு. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொரு வரியாகப் படித்தேன். புத்தகத்தில் பதினான்கு வரியில் போட்டிருப்பதை அவள் ஒன்பது வரியில் போட்டிருந்தாள். சரியாக இருந்தது. “சரி” என்றேன். டிக் அடித்தேன்.

இந்தச் ‘சரி’ வாசலுக்கு வந்து நின்றது. சிறிய வாக்கியம். ஆவுடைத்தாய் அதற்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அங்கேயே நின்றது.

மற்ற ஐந்தையும் கூப்பிடுவது சுலபமாக இருந்தது. அரை மணிக்கு முன்பு சொன்னவைதானே. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, உப்புமா தட்டை வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றன. நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மாரிச்செல்வி வாசலுக்கு வந்தாள். பேனாவைக் கொடுக்க வந்தாளோ என்று நினைத்தேன்.

“நீங்க அன்னைக்கும் நிமிந்து பாக்கல சார். இன்னைக்கும் பாக்கல” என்றாள்.

அவள் அம்மா, “ஏட்டி” என்று அதட்டினாள். நான் பரவாயில்லை என்றேன்.

மினி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். ஆறு இருக்க வேண்டும், ஏழு இருந்தன. ஏழாவது டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னுடையது இல்லை, குரல் வேறு. ஒரு பிள்ளையின் வாக்கியம் வாத்தியாரோடு வந்ததாக எங்கள் பள்ளியில் பதிவு கிடையாது. கண்டக்டர் எல்லோருக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

கிரேஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏழா? எச்.எம். போன்ல ஒண்ணுன்னாங்க” என்றாள். அரிசி கூடுதலாகக் களைந்து போட்டாள். என் ஆறும் ஹாலில் பாயில் உட்கார்ந்தன. மாரிச்செல்வியின் வாக்கியம் மட்டும் நேராக உள்ளே போய் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றது. அங்கே நாற்காலியில் என் பழையது இருந்தது, கோழி கிண்டினது. நாற்பத்து நான்கு வருஷத்தில் அது எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்துவிட்டுப் பாய்க்குப் போய்விட்டது.

அந்த மூன்று நாளும் என் ஆறும் வேறு ஆள் இல்லாததால் என் காதிலேயே சொல்லிக்கொண்டிருந்தன. என் குரலை இவ்வளவு பக்கத்தில் நான் கேட்டதில்லை. களிமண்ணும் மாடும் ஒரு நாளிலேயே மெலிந்துவிட்டன. ‘உனக்கு இவ்வளவு போதும்மா, போ’தான் கடைசி வரை தாக்குப் பிடித்தது. ரெண்டு வருஷச் சாப்பாடு. சாப்பிட உட்கார்ந்தால் சொல்லும். செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தது. நான் அந்த மூன்று நாளில் இரண்டு கிலோ இறங்கியிருந்தேன்.

திங்கட்கிழமை சேர்க்கை நடந்தது. பால்ராஜ் எதிரில் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. “வாக்கியம் வரலயா?” என்று கேட்டார். “சார் கூட்டிட்டுப் போயிட்டாங்க” என்றாள் ஆவுடைத்தாய், சொந்தக்காரரை ரயில் ஏற்றிவிட்டு வந்தவள் மாதிரி. பால்ராஜ் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். வாக்கியம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கவில்லை. அதுவரை அப்படி யாரும் வந்ததில்லை. கடைசியில், “நீயே உக்காந்து சொல்லும்மா” என்றார்.

மாரிச்செல்வி உட்கார்ந்தாள். முதுகு நாற்காலியில் படவில்லை. “கணக்கு” என்றாள். அவர் எழுதிக்கொண்டார். எழுந்திருக்கச் சொன்ன பிறகும் அவள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் அடுத்து நின்ற பையனும் அவனுடைய மூன்று வாக்கியங்களும் காத்திருந்தார்கள். நான் வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, உள்ளதைச் சொல்ல வேண்டியதுதானே.

அவளுடைய வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டில் மெலியவில்லை. கேட்க வேண்டிய ஆள் நான், இங்கேயே இருக்கிறேன் அல்லவா. பள்ளி திறந்து நான் நோட்டுத் திருத்த உட்கார்ந்தால் வந்து காதருகில் நிற்கும். ஒரு முறை சொல்லும். நான் நிமிர்ந்து பார்ப்பேன். யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பிறகு பேசுவேன். ஒரு நாளைக்கு அறுபது நோட்டுத் திருத்துகிறவன் இப்போது பதினைந்துதான் முடிக்கிறேன். கழுத்து வலி வேறு. நான் ஒன்றும் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை, நிமிராவிட்டால் அது மறுபடி சொல்லும், அவ்வளவுதான். கிரேஸ் அதற்கு மீன் குழம்பில் நடுத்துண்டு வைக்கிறாள்.

விதி விதிதான். சொன்ன ஆள்தான் கூப்பிட வேண்டும். பள்ளி திறந்த இரண்டாம் வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடில், அதைக் கூட்டிக்கொண்டு பதினொன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன். வழக்கம்போல வேறு யாரும் வந்திருக்கவில்லை. மாரிச்செல்வி மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். புத்தகம் மூடியிருந்தது, புத்தகத்தில் இல்லாத கணக்கு போலிருக்கிறது. ‘சரி’ என்ற என் சின்ன வாக்கியம் அவள் பைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளுக்கு மேல் தங்காத வகை அது. மூன்று வாரமாகப் போகாமல் இருந்தது.

“மாரிச்செல்வி, இதக் கூப்பிட்டுக்கிறியாம்மா?” என்றேன்.

அவள் ஒன்பதாவது வரியில் இருந்தாள். நிமிரவில்லை.

“கொஞ்ச நாள் இருக்கட்டும் சார்” என்றாள்.

மணி அடித்தது. வீட்டுக்கு வந்தேன். கிரேஸ் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணா?” என்றாள்.

இரண்டாவது, ‘கொஞ்ச நாள் இருக்கட்டும் சார்’, கொஞ்சம் சின்னது. முதலாவதுக்குப் பக்கத்தில் போட்ட இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. கோழி கிண்டினது பாயிலிருந்து எழுந்து போய் அதன் காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகையை இழுத்துப் போட்டது.